பாமாயிலும் கொங்குக் குடியானவனும்

கொங்கு நாட்டுக் குடியானவருக்குத் தம் தோட்டத்துத் தென்னையின் வயது தெரியும். எந்த மரம் எத்தனை காய் பிடிக்கும், எந்த மாதத்தில் காய் சிறுக்கும், எந்தக் கிணற்றில் எத்தனை நேரம் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் அந்தக் காய்க்கு விலை வைக்கிறவர் யார் என்று கேட்டால் மட்டும் வியாபாரியைக் காட்டுவார். அல்லது வானத்தைக் காட்டுவார். 2023-ம் வருஷத்தில் கொப்பரை விலை விழுந்து கிடந்தபோது ஆனைமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம், "மரம் வெச்சது எங்கப்பனுங்க, வெலை வெக்கறது தலையெழுத்துங்க" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த வருஷம் மத்திய சர்க்கார் அரவைக் கொப்பரைக்கு நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். அதாவது கிலோவுக்கு 108 ரூபாய் 60 காசு. வெளிச் சந்தையில் கிடைத்ததோ 80 ரூபாய்க்கு அக்கம்பக்கம். கிலோவுக்கு இருபத்தைந்து முப்பது ரூபாயைப் பறிகொடுத்தவர், அதைப் பறித்தது யார் என்று தேடாமல் தம் நெற்றியையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோழர்களே! அந்தத் தலையெழுத்தை எழுதியது பிரம்மனும் அல்ல, நவக்கிரகமும் அல்ல. அது டில்லியில், மனிதர் கையால், காகிதத்தில், தேதி போட்டு எழுதப்பட்டது. அதை எவரும் வாங்கிப் படிக்கலாம். அதைப் படிக்காத வரையில்தான் அது தலையெழுத்து. படித்துவிட்டால் அது வெறும் சுங்கவரி உத்திரவு. ஆகவே அதைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

பாமாயில் என்பது நம் பனைமரத்தில் வருவதல்ல. அது மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த வேறொரு மரத்தின் பழத்தில் வருவது. ஐரோப்பியர் அதை ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுபோய்ப் பெருந்தோட்டங்களாக்கினார்கள். இன்று உலகத்துக்கு வேண்டிய பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேஷியாவிலும் மலேஷியாவிலும்தான் விளைகிறது. வாங்குவதில் முதல் வரிசையில் நிற்பது நம் தேசம். வருஷத்துக்கு 75 லட்சம் டன் முதல் ஒரு கோடி டன் வரையில் நாம் கப்பலில் இறக்குகிறோம். ஆனால் நம் தேசம் எந்நாளும் இப்படியிருக்கவில்லை. 1986-ல் எண்ணெய்வித்துக்களுக்கென்று ஒரு தனித் திட்டம் ஏற்படுத்தி, விதையும் விலையும் கொடுத்துக் குடியானவர்களைத் தூண்டியதில், 1990-களின் துவக்கத்தில் நமக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் நம் காட்டிலேயே விளைந்தது. அந்த நிலைமை சில வருஷங்கள்கூட நீடிக்கவில்லை. 1994-ல், லைசென்ஸ் இல்லாமல் எவரும் பாமாயிலை இறக்கலாம் என்று கதவு திறக்கப்பட்டது. அப்போது வரி நூற்றுக்கு 65. 1998-ல் அது நூற்றுக்கு 15 ஆகக் குறைந்தது. பிறகு ஏறியும் இறங்கியும் 2018-ல் கச்சாப் பாமாயிலுக்கு 44 ஆயிற்று. 2022-ல் எல்லாம் சேர்த்து 5.5 ஆயிற்று. 2024 செப்டம்பரில் 27.5, 2025 மே மாதக் கடைசியில் 16.5.

தென்னங்கன்று வைத்துக் காய் பறிக்க ஐந்தாறு வருஷம் வேண்டும். அது அறுபது வருஷம் நிற்கும் மரம். அப்படிப்பட்ட மரத்தை நம்பி ஒருவர் தம் நிலத்தையும் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் அடமானம் வைத்திருக்கிறார். அவருடைய காய்க்குப் போட்டியாக வரும் எண்ணெயின் வரியோ, எட்டு மாதத்துக்கு ஒரு முறை ஊஞ்சல் ஆடுகிறது. இந்த ஊஞ்சலை ஆட்டுகிறவர்களுக்குக் கொப்பரைக் களம் எப்படியிருக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறோம்.

வரி குறைந்தால் தேங்காய் விலை ஏன் விழவேண்டும் என்று சிலர் கேட்கலாம். பலகாரக் கடைக்காரருக்கு வேண்டியது ஏதோ ஓர் எண்ணெய். பிஸ்கட் ஆலைக்கும் அப்படியே. சோப்பு ஆலைக்குத் தேங்காயெண்ணெய் இல்லாவிட்டால், அதே எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பில் எடுக்கும் எண்ணெய் இருக்கிறது. சோப்புக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் பயன்படும். கப்பலில் வருவது மலிவானால் வாங்குகிறவர் அதற்குத் தாவுகிறார். உடனே காங்கேயத்து எண்ணெய் ஆலைக்காரர் கொப்பரை வாங்கும் கையைச் சுருக்குகிறார். பெருந்துறையிலும் அவல்பூந்துறையிலும் ஆனைமலையிலும் ஏலத்தில் கேட்கிற குரல் தாழ்கிறது. களத்து முதலாளி காய் விலையைக் குறைக்கிறார். கடைசியில் அடி வாங்குகிறவர், மேலே யாரையும் குறைக்க முடியாத குடியானவரும், அவருக்குக் கீழே மரம் ஏறுகிற, மட்டை உரிக்கிற, காய் உடைக்கிற கூலியாட்களும்தான்.

அதுமட்டுமல்ல. கப்பலின் கயிறு நம் கையிலும் இல்லை. 2020 ஜனவரியில் மலேஷியப் பிரதமர் நம் சர்க்காரின் காரியங்களைப் பற்றி அபிப்பிராயம் சொன்னதையடுத்து, சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேஷியா தன் ஜனங்களுக்கே எண்ணெய் போதவில்லையென்று ஏற்றுமதியை நிறுத்தி, மூன்று வாரங்களுக்கு மேல் கதவைச் சாத்தி வைத்தது. இங்கே நம் தாய்மார் எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு விலையைக் கேட்டு மலைத்தார்கள். சொந்தக் காட்டில் விளைந்துகொண்டிருந்ததைக் கைவிட்டு அடுத்த நாட்டுக் கதவைப் பார்த்து நிற்பதற்கு மலிவு என்று பெயர் வைப்பது எந்தக் கணக்கு என்பது நமக்கு விளங்கவில்லை.

நிற்க, "ஏழைகளுக்கு மலிவான எண்ணெய் வேண்டாமா? ரேஷன் பாமாயிலை நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2007-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் சிறப்புத் திட்டத்தின் கீழ்ப் பருப்போடு பாமாயிலும் கொடுக்கப்பட்டு வருகிறது. குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர். விலை 25 ரூபாய். சோமனூர்த் தறிக்காரர் வீட்டிலும் திருப்பூர் பனியன் தொழிலாளி வீட்டிலும் அந்த ஒரு லிட்டரின் அருமை என்னவென்று நமக்குத் தெரியும். அதைப் பிடுங்கச் சொல்கிறவர்கள் நாமல்ல. ஆனால் 25 ரூபாய் என்பது பாமாயிலின் விலை என்று நினைப்பது தப்பு. சர்க்கார் அதைப் பல மடங்கு விலை கொடுத்து டெண்டரில் வாங்குகிறது. மிச்சத்தை நம் வரிப்பணத்தில் கட்டுகிறது. அதாவது ஏழைக்கு மலிவாகக் கிடைப்பது பாமாயிலின் குணத்தினால் அல்ல, பொதுப் பணத்தினால். அந்தப் பொதுப் பணம் கப்பல்காரருக்குப் போகலாமாம். நம்மூர்க் கொப்பரைக்கும் கடலைக்கும் போகக்கூடாதாம். இது என்ன நியாயம்?

இதைத்தான் தமிழ்நாட்டுத் தென்னைக் குடியானவர்கள் 2023-ல் ஊர் ஊராகக் கூடிக் கேட்டார்கள். ரேஷனில் தேங்காயெண்ணெய் கொடு என்றார்கள். அதிலும் நாம் கணக்கை மறைக்கக் கூடாது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு மாதாமாதம் தேங்காயெண்ணெயே கொடுப்பதென்றால் அது ஆகிற காரியமல்ல. 2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிய காலத்தில் யாரும் அதை யோசிக்கவும் முடியாது. ஆனால் விலை ஆதரவு விலைக்குக் கீழே விழுகிற வருஷத்தில் கொப்பரையை வாங்கி, ஆட்டி, அந்த வருஷத்து ரேஷனில் ஒரு பங்காகக் கொடுப்பதில் என்ன முடியாமை இருக்கிறது? இப்போது நடப்பதென்ன? விலை விழுந்தால் சர்க்கார் கொப்பரையை வாங்கி மூட்டை கட்டி வைக்கிறது. பிறகு அதே மூட்டையைச் சந்தையிலேயே விற்கிறது. விழுந்த விலையைத் தூக்க வாங்கிய சரக்கே, எழுந்த விலையைத் தள்ளிவிட வருகிறது. நெருப்பை அணைக்கக் கொண்டுவந்த தண்ணீரை அறுவடைக் களத்தில் கொட்டுவதுபோல இருக்கிறது இந்தக் காரியம்.

2025-ல்தான் விலை ஏறிவிட்டதே, பிறகென்ன குறை என்று கேட்பவர்களும் உண்டு. ஏறியது வாஸ்தவம். ஏறியதற்குக் காரணம், காய் இல்லாமல் போனதே! 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதன்முதலாகக் கண்ட சுருள் வெள்ளை ஈ ஓலையைச் சப்பியது. வேர்வாடல் நோய் மரத்தைச் சாய்த்தது. வறட்சி குலையைச் சிறுக்க வைத்தது. விலை இருந்தபோது காய் இல்லை. காய் இருந்தபோது விலை இல்லை. விலை விழுந்த வருஷங்களில் எரு வைக்கவும் நோய்க்கு மருந்து பார்க்கவும் கையில் காசில்லாமல் போனவரின் மரம், விலை ஏறிய வருஷத்தில் எப்படிக் காய்க்கும்?

தென்னையாவது மரம், அது நின்று தாங்குகிறது. மேட்டுக்காட்டுக் கடலையின் கதியென்ன? கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளில் ஆடி மழைக்குக் கடலை விதைத்த காலம் நம் வாசகர்களில் நாற்பது வயதானவர்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும். அது குறைந்ததற்கு மழை பொய்த்தது, ஆள் கிடைக்காதது, காட்டுப்பன்றித் தொல்லை என்று காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் பாமாயில் தலையில் கட்டுவது யோக்கியமாகாது. ஆனால் மற்ற கஷ்டங்களையெல்லாம் சகித்துக்கொண்டு விதைப்பதற்கு விலை ஒன்றுதானே தைரியம்? அந்தத் தைரியத்தைக் கெடுத்ததில் கப்பல் எண்ணெய்க்குப் பங்கில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடலையை ஆட்டினால் எண்ணெயோடு புண்ணாக்கு வந்தது. கொடி மாட்டுக்கு வந்தது. வேர் மண்ணுக்கு உரமாயிற்று. செக்குக்காரருக்கு வேலை, களை எடுக்கிற பெண்ணுக்குக் கூலி, காங்கேயம் காளைக்குத் தீனி எல்லாம் அந்த ஒரு செடியில் இருந்தன. கப்பலில் வருகிறபோது எண்ணெய் மட்டும்தான் வருகிறது. புண்ணாக்கும், உரமும், கூலியும் அங்கேயே தங்கிவிடுகின்றன. லிட்டருக்கு இத்தனை ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போடும் பண்டிதர்கள் இந்தப் பத்தியை மட்டும் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதேயில்லை.

இனி, இதற்கெல்லாம் பரிகாரம் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிற புதுச் சங்கதியைப் பார்ப்போம். "வெளிநாட்டிலிருந்து வாங்கினால்தானே குற்றம்? எண்ணெய்ப்பனையை இங்கேயே வைத்துவிடலாம்" என்பது அது. 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 11,040 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் போட்டது. 2025-26-க்குள் புதிதாக ஆறரை லட்சம் எக்டேரில் எண்ணெய்ப்பனை வைத்து மொத்தம் 10 லட்சம் எக்டேராக்குவது என்பது அதன் உத்தேசம். எக்டேருக்குச் சுமார் 4 டன் எண்ணெய் கிடைக்கும், வேறு எந்த எண்ணெய்வித்தும் இதற்கு ஈடாகாது என்று சொல்லுகிறார்கள். தக்க மண்ணும் தண்ணீரும் இருந்தால் அது மெய்தான். மரத்தின்மீது நமக்கு விரோதமில்லை. அது வெளிநாட்டு மரம் என்பதற்காகத் தள்ளச் சொல்லவும் மாட்டோம். மிளகாயும் கடலையும்கூடக் கடல் கடந்து வந்தவைதான். நாம் கேட்பது வேறு.

முதலாவது, தண்ணீர். எண்ணெய்ப்பனை வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் மழை பரவலாகப் பெய்கிற பூமிக்கு ஏற்ற மரம். கோயமுத்தூர், திருப்பூர் சமவெளியில் பெய்வது அதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தை நாம்தான் ஊற்ற வேண்டும். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 57 மரத்துக்கு 11,400 லிட்டர் ஆகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் புகை மட்டும் வருகிற ஊரில், தினமும் இத்தனை தண்ணீரை எந்தக் கிணற்றிலிருந்து இறைப்பது?

இரண்டாவது, வாங்குகிறவர் யார் என்பது. கொப்பரையை ஒரு மாதம் களத்தில் வைத்துப் பார்க்கலாம். பெருந்துறையில் விலை இல்லையென்றால் வெள்ளகோவிலுக்கு ஏற்றலாம். எண்ணெய்ப்பனைக் குலையை வெட்டினால் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெட்டுவிடும். அதை வீட்டில் ஆட்ட முடியாது, சந்தையில் கூறு கட்டி விற்கவும் முடியாது. ஆகவே எந்த ஆலை பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் விதி. போதாததற்குச் சட்டமும் துணைக்கு வருகிறது. ஆந்திராவில் 1993-லேயே இதற்கென்று தனிச் சட்டம் செய்து, இன்ன மண்டலத்துப் பழம் இன்ன ஆலைக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். பழத்தில் நூற்றுக்கு இத்தனை எண்ணெய் என்று கணக்குப் போட்டுத்தான் விலை. அந்தக் கணக்கைப் பற்றி அங்கே குடியானவருக்கும் ஆலைக்கும் ஓயாத வழக்கு. மிஸோரத்தில் 2004-ல் சட்டம் செய்து மலைச்சரிவுகளில் மரத்தை வைக்கச் சொன்னார்கள். பாதையும் வண்டியும் இல்லாமல் பழம் தோட்டத்திலேயே அழுகிப் பலர் மரத்தைக் கைவிட்டார்கள். கன்று கொடுக்கும்போது வந்த ஜீப், குலை எடுக்கும்போது வரவில்லை.

மூன்றாவது, உறுதிமொழியின் ஆயுள். விலை விழுந்தால் வித்தியாசத்தைச் சர்க்கார் கொடுக்கும் என்று இந்தத் திட்டத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தத் திட்டத்துக்கு 2037 நவம்பர் 1-ந் தேதி கெடு வைத்திருக்கிறார்கள். 2026-ல் வைக்கிற கன்று 2030-க்கு மேல்தான் காய்ப்புக்கு வரும். அதன்பின் இருபது இருபத்தைந்து வருஷம் நிற்கும். ஏழு வருஷத்துக்கு ஜாமீன். மீதிக் காலத்துக்குக் குடியானவரின் தலை. இப்படி ஒரு பத்திரத்தில் நம்மூர் வட்டிக்கடைக்காரர் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பெருந்தோட்டமாகிய பூமியில் மனிதர் கதி என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1917-ல் சிலாங்கூரில் முதல் எண்ணெய்ப்பனைத் தோட்டம் போட்ட காலத்திலேயே நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ரப்பர் வெட்டியவர்களின் காட்டை, பின்னாளில் எண்ணெய்ப்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாற்றியபோது, லயத்தில் பிறந்து லயத்தில் மூத்தவர்களுக்குக் காலடி நிலம்கூடச் சொந்தமாக இல்லை. பட்டணத்து ஓரங்களில் குடிசை போட்டார்கள். அவர்களுடைய இடத்துக்கு இந்தோனேஷியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேறு ஏழைகள் வந்தார்கள். தோட்டம் செழித்தது வாஸ்தவம். தோட்டத்தைச் செழிக்க வைத்தவன் செழித்தானா?

இவ்வளவும் சொன்ன பிறகு, நிலம் வைத்திருக்கும் நம் தோழர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் ஆகமாட்டோம். டில்லியில் உங்களைக் கேளாமல் உங்கள் காய்க்கு விலை வைக்கிறார்கள் என்று கோபப்படுகிறீர்களே, மரம் ஏறுகிறவரையும் மட்டை உரிக்கிறவரையும் கேட்டா நீங்கள் கூலி வைக்கிறீர்கள்? மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவருக்கு எத்தனை தோட்டத்தில் வைத்தியச் செலவு கிடைத்தது? கொப்பரை 200 ரூபாய் விற்ற வருஷத்தில் கூலி எத்தனை பங்கு ஏறிற்று? மேலே கேட்கிற நியாயத்தைக் கீழே கொடுக்காதவருக்கு மேலேயும் அது கிடைக்காது. குடியானவரும் கூலிக்காரரும் தனித்தனியே நின்றால், வரி உத்திரவு எழுதுகிறவருக்கு இருவரும் தெரியமாட்டார்கள்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் தெரிகிறார்கள். ஏன்? அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு டில்லியில் ஆள் இருக்கிறது. கச்சா எண்ணெய்க்கும் சுத்திகரித்த எண்ணெய்க்கும் வரி வித்தியாசம் போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2025 மே உத்திரவில் அந்த வித்தியாசம் 8.25-லிருந்து 19.25 ஆயிற்று. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கினார்கள். நாமோ விலை விழுந்தால் ஜோசியரிடம் போகிறோம். ஏறினால் கோயிலுக்குக் கிடா வெட்டுகிறோம். இரண்டுக்கும் சுங்கவரிக் காகிதத்தில் இடமில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். கொப்பரைக்கும் கடலைக்கும் சர்க்காரே நிர்ணயித்த ஆதரவு விலை சந்தையில் கிடைக்காத நாளில், பாமாயில் வரி தானாக ஏறும்படி விதி செய்ய வேண்டும். விலை விழுந்த வருஷத்தில் வாங்கும் கொப்பரையைத் திரும்பச் சந்தையில் கொட்டாமல், எண்ணெயாக்கி ரேஷனில் கொடுக்க வேண்டும். ஏழைக்கு விலை இப்போதுள்ள 25 ரூபாய்தான் இருக்க வேண்டும். எண்ணெய்ப்பனை வைக்கச் சொல்லுகிற இடத்தில் முதலில் தண்ணீர்க் கணக்கு, பிறகு ஆலை, பிறகுதான் கன்று. பழத்தை எந்த ஆலைக்கும் விற்கும் உரிமை வேண்டும். விலை ஜாமீன் மரத்தின் ஆயுளுக்கு இருக்க வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். மானாவாரிக் காட்டில் கடலையும் எள்ளும் விதைக்கிறவருக்கு, எண்ணெய்ப்பனைக்குக் கொடுக்கிற அளவு உதவியாவது கொடுக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு முன்னால், ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் ஒரு காரியம் செய்யுங்கள். ஏலக்கூடத்துக் கொப்பரை விலையையும், அன்றைய ஆதரவு விலையையும், பாமாயில் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்று மாதம் அதைப் பார்த்த பிறகு, தலையெழுத்து என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. வேறு சில கேள்விகள் வரும். அந்தக் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு குடியானவரும் கூலிக்காரரும் சேர்ந்து போகவேண்டிய இடம் கோயில் அல்ல; கலெக்டர் கச்சேரியும் சட்டசபையும் டில்லியுமே.